கிடுகு பக்கத்தில்தான் இருந்தது

போன மாதம் நம் உப்புக் கந்தோரில் எனக்குப் பிரியாவிடை வைத்தீர்கள். மாலை போட்டீர்கள், கேக் வெட்டினீர்கள், நாலு பேர் எழும்பி என்னைப் பற்றி நாலு விதமாகப் புளுகினீர்கள். அதெல்லாம் வழக்கம்தான், குறை சொல்லவில்லை. கடைசியில் உங்களில் ஒரு தம்பி என்னுடைய பழைய சேவைக் கோவையை அலுமாரியிலிருந்து தேடி எடுத்து வந்து, அதிலிருந்த ஒரு வரியை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "விதியிலிருந்து ஒருபோதும் விலகாத ஊழியர்." வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் எழுதிய வரி என்றும் பெருமையாகச் சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் கதிரையில் இருந்தபடி சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. நீங்கள் எதற்குக் கைதட்டினீர்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உப்பு விளைவிப்பது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. பாலாவி உப்பளத்து வெயிலில் ஒரு போகம் நின்றால் அது தானாக வந்துவிடும். தானாக வராத ஒன்று இருக்கிறது. யாரும் சொல்லுமுன் ஒரு காரியத்தில் முதல் கை வைப்பது. எனக்கு அது வரவில்லை. கந்தோரிலும் வரவில்லை, குடும்பத்திலும் வரவில்லை.

நான் உப்பளத்தை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்த அந்த நாட்களில் ஊர்க்காரர்கள் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிப்பார்கள். வாரிய உப்பை மேட்டில் குவிப்பார்கள். புத்தளத்திலிருந்து அதிகாரி வந்து பார்த்து, குவியலின் மேல் சுண்ணாம்பால் முத்திரை வைப்பார். முத்திரை விழுந்துவிட்டால் உப்பு அரசாங்கத்தின் காவலில். விளைவித்தவனே கை வைத்தாலும் களவுதான். மறுநாள் அதிகாரியோ அவருடைய கிளாக்கரோ பக்கத்தில் நிற்க, தென்னோலையில் பின்னிய கிடுகால் குவியலை மூடுவோம். மூடுகிற சாட்டில் உப்பு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு விதி. நல்ல விதிதான். அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

எனக்கு முன்பு ஒரு ஓவசியர் இருந்தார். நான் புதிதாகச் சேர்ந்த வருடம், முத்திரை வைத்து இன்னும் மூடாத குவியல் ஒன்றின் மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மனிதர் யாரையும் கேட்கவில்லை. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தானே முதல் கிடுகைத் தூக்கிப் போட்டார். பிறகு ஈரச் சட்டையோடு மேசையில் இருந்து புத்தளம் கந்தோருக்கு மூன்று வரி எழுதினார். "மழை வந்தது. மூடிவிட்டேன். பொறுப்பு என்னுடையது." என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அதை என்னிடம் தந்து நல்ல பிரதி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கந்தோரிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. அதிகாரி வந்து கிடுகை விலக்கி மறுபடி முத்திரை வைத்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிம் என்று பெயர். என் தங்கச்சி ஆமினாவைக் கட்டியவர். பதினொரு வருடம் ஒரே பாத்தியில் கிடந்தவர். எடுத்தபோது அது வெறும் சேற்றுக் குழி. கண்டல் மர வேர்களைத் தோண்டி எறிந்து, தரையை மிதித்து மிதித்து இறுக்கி, பாத்தியாக்கினது அவருடைய கால்கள்தான். நான் ஓவசியராக வந்த பிறகு ஒரு நாள், நிறுவையில் அவருடைய உப்பில் இரண்டு சாக்கைச் சேறு கலந்தது என்று எல்லோருக்கும் முன்னால் ஒதுக்கி வைத்தேன். சேறு கலந்திருந்தது உண்மை. ஆனால் வேறு யாருடைய சாக்காக இருந்தாலும் தனியே கூப்பிட்டு, கழுவிக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருப்பேன். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு.

"சொந்தமெண்டு பாக்க வேணாம் மச்சான்," என்றார் அவர். "மத்தவங்களப் பாக்கிற மாதிரிப் பாத்தாப் போதும்."

அன்றிலிருந்து எங்களுக்குள் ஸலாம் இல்லை. கோபித்துக்கொண்ட இருவர் மூன்று நாளைக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது, யார் முந்தி ஸலாம் சொல்கிறாரோ அவருக்குத்தான் நன்மை. இது எங்கள் ஆட்களில் ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கு மூன்று நாள் போய், மூன்று மாதம் போய், ஒரு நோன்புப் பெருநாளும் போய்விட்டது. ஒரே பள்ளியில் தொழுவோம். அவர் தெற்கு வாசலால் போனால் நான் வடக்கு வாசலால் போவேன்.

ஆமினா வந்து அழுதாள். "ஒரு ஸலாம் சொன்னாக் குறைஞ்சா போயிடுவீங்க நாநா?" என்று கேட்டாள்.

"நாலு பேருக்கு முன்னால என்னக் கேட்டவர் அவர். அவர் தொடங்கட்டும்," என்றேன். அவர் என்னை விட மூத்தவர், இளையவன்தான் முந்த வேண்டும் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

அந்த வருடம் மச்சானுக்கு வாழ்வா சாவா என்ற வருடம். இரண்டு போகம் தொடர்ந்து குறித்த அளவு உப்பைக் கொடுக்காதவருடைய பாத்தி வேறு கைக்குப் போய்விடும். முந்திய வருடம் வெள்ளம் வந்து அவருடைய அளவு குறைந்திருந்தது. இன்னொரு தரம் குறைந்தால் பதினொரு வருடமும் போச்சு. அதனால் அவரும் ஆமினாவும் சேர்ந்து இறங்கி வாரினார்கள். குவியல் என் தலைக்கு மேல் ஒரு முழம் உயரத்துக்கு வந்தது. அப்படி ஒரு குவியலை அந்த வரிசையில் நான் பார்த்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அதிகாரி வந்து அதற்கு முத்திரை வைத்தார். நாளைக் காலை கிளாக்கர் வந்து நிற்பார், மூடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கிடுகு அங்கேதான், குவியலுக்குப் பக்கத்திலேயே, கட்டுக் கட்டாக அடுக்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை கிளாக்கர் வரவில்லை. காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தால் கிழக்கே, தரைப் பக்கம், வானம் கறுத்திருந்தது. அந்த மாதத்தில் எங்கள் பக்கம் மழை பெய்வதில்லை. ஆனால் கறுத்திருந்தது. மச்சான் அன்றைக்குத் தெற்கு வாசலால் போகவில்லை. நான் போகிற வடக்கு வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். மனிதர் பாதி தூரம் இறங்கி வந்துவிட்டார் என்பது எனக்கு விளங்கியது. மீதியையும் அவரே வரட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

உப்பளத்தில், உப்புச் சுமக்கிற பெண்கள் கிடுகுக் கட்டுகளை அவிழ்த்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவள் பிலோமினாக்கா, கண்டக்குழிப் பக்கத்து வேதக்காரப் பெண். புருஷன் கடலுக்குப் போகிறவர். அவளுக்கு வானத்தைப் பார்க்கத் தெரியும்.

"ஓவசியர் ஐயா, மூடுவமா?"

"கிளாக்கர் வரவேணும்."

"அவரக் காணேல்லையே."

"கந்தோருக்கு எழுதிக் கேக்கிறன். பதில் வரும்வரைக்கும் ஒருத்தரும் தொட வேணாம்."

அவள் வானத்தை ஒரு தரம் பார்த்தாள். "மழையும் கந்தோருக்கு எழுதிக் கேட்டிட்டா ஐயா வரும்?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. விறுவிறென்று உள்ளே போய் மேசையில் இருந்து ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். முதல் பிரதி வடிவாக வரவில்லை என்று கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். "பணிவுடன்" என்ற சொல்லை எந்த இடத்தில் போடுவது என்று யோசித்தேன். மழை நாலு மைலில் நிற்கிறது, நான் பணிவுக்கு இடம் தேடுகிறேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. எழுதி முடித்து, ஒட்டி, பியோனிடம் கொடுத்துப் புத்தளத்துக்கு அனுப்பினேன்.

வெளியே வந்தபோது மச்சான் வந்திருந்தார். குவியலுக்குக் கிட்டே வரவில்லை. வரம்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காற்று குளிரத் தொடங்கிவிட்டது. பொறுமையிழந்த ஒரு பெண் ஒரு கிடுகைத் தூக்கினாள். மச்சான் நின்ற இடத்திலிருந்தே அவளைத் தடுத்தார்.

"ஓவசியர் சொல்லாமக் கை வைக்க வேணாம் புள்ள. அவர் சொல்லுவார்."

அதை நான் குத்தலாக எடுத்துக்கொண்டேன். ஊருக்கு முன்னால் என்னை நக்கல் அடிக்கத் தெரிகிறது, எனக்குக் கிட்டே வந்து ஒரு வார்த்தை கேட்க மட்டும் வாயில் கொழுக்கட்டையோ என்று மனதுக்குள் கறுவினேன்.

உள்ளதைச் சொல்கிறேன், கேளுங்கள். அந்த நேரத்தில் என் கையைக் கட்டியது விதி இல்லை. விதியை மீறினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றும் நடக்காது, மூன்று வரி எழுத வேண்டி வரும். மச்சான் என்னிடம் வந்து, "மூடச் சொல்லுங்க மச்சான்," என்று கேட்க வேண்டும், அதற்காகத்தான் நான் நின்றேன். ஒரு மனிதனுடைய பதினொரு வருட உழைப்பு வெளியே திறந்து கிடக்க, அவன் என் முன்னால் தலை குனிகிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். விதி எனக்கு வாய்ப்பான சாட்டு.

மழை வந்தது. தூறல் ஒன்றும் இல்லை, நேரே கொட்டியது. முதலில் போனது முத்திரைதான். நான் அவ்வளவு நேரமும் கட்டிக் காத்த சுண்ணாம்பு, கண் முன்னே வழிந்து இல்லாமல் போனது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பிலோமினாக்கா தலை நனைய என் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, முத்திரை போயிட்டு. இப்பயாவது சொல்லுங்க."

தலையை மட்டும் ஆட்டினேன். பெண்கள் ஓடினார்கள். மச்சானும் ஓடினார். நான் ஒரு கிடுகைக்கூடத் தொடவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை விட்டபோது குவியல் என் இடுப்பளவுக்கு இருந்தது. மீதி வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. மச்சான் வாய்க்கால் ஓரத்தில் குந்தி, அந்தத் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு எழும்பி என்னைப் பார்க்காமல் நடந்துபோனார்.

பியோன் மாலையில் பதிலோடு வந்தார். "உடனே மூடவும்" என்று எழுதியிருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். குவியலைச் சுற்றி நடந்தார். "உமக்கு முன்பு இருந்தவர் இப்படியான நேரத்தில் மூன்று வரி எழுதி அனுப்புவார்," என்றார். திட்டவில்லை. பிறகு உள்ளே வந்து மேசையில் இருந்து பேனையைத் திறந்தார். "சேதத்துக்குக் காரணம் என்னவென்று எழுதுவது?"

தம்பிமார், தங்கச்சிமார், இந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள். கந்தோரின் பிழையால் வந்த சேதம் என்று எழுதினால் அந்தப் போகத்தின் குறையைக் குத்தகைக்காரர் மேல் போட மாட்டார்கள். பாத்தி மச்சானிடமே இருக்கும். "கிளாக்கர் வரவில்லை, மூட வந்தவர்களை நான் தடுத்தேன்" என்று நான் சொன்னால் போதும். எனக்குக் கண்டித்து ஒரு கடிதம் வரும், அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை செய்த பிழையைத் திருத்த அல்லா எனக்கு இன்னொரு வாசலைத் திறந்து தந்தான். அதிகாரி பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"மழை, சேர்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கிளாக்கருக்குப் பதில் ஆள் அனுப்பாதது அவருடைய பக்கத்துக் குறை. அதனால் அந்தச் சொல் அவருக்கும் வசதியாக இருந்தது. எழுதிக்கொண்டார். அந்த வருடக் கடைசியில் என் கோவையில் அவர் எழுதிய வரியைத்தான் நீங்கள் வாசித்தீர்கள். என்னுடைய எல்லாப் பதவி உயர்வும் அந்த வரியில் ஏறித்தான் வந்தது.

பாத்தி போனது. குத்தகை முடிந்ததென்ற அறிவித்தலை என் நல்ல கையெழுத்தில் நானே எழுதினேன். மச்சானும் ஆமினாவும் கண்டக்குழிக்குப் போய்விட்டார்கள். சொந்தப் பாத்தி வைத்திருந்த மனிதர் அங்கே இன்னொருவருடைய கரைவலையில் கூலிக்கு நின்றார். போகும்போது ஆமினா சொல்லிக்கொள்ள வரவில்லை.

கண்டக்குழி என்ன கடல் கடந்தா இருக்கிறது? ஒரு பஸ் தூரம். பிலோமினாக்கா அங்கே தன் வீட்டுக்குப் போய் வரும்போதெல்லாம் ஆமினா அவளிடம் சொல்லியனுப்புவாள், "நாநாவ ஒருக்கா வரச் சொல்லுங்க" என்று. "மச்சான் கூப்பிடட்டும், வாறன்," என்று நான் திருப்பிச் சொல்லியனுப்புவேன். நாலு வருடம் இப்படிப் போனது. ஒரு தரம் பிலோமினாக்கா வந்து தன் பாட்டில் வேலையைத் தொடங்கினாள். நானாகவே போய், தங்கச்சி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"இந்த முறை ஒண்டும் சொல்லி விடேல்ல ஐயா," என்றாள்.

அந்தக் கிழமையே பஸ் ஏறினேன். வெள்ளைக்காரன் கொடியை இறக்குவதற்கு முந்திய வருடம் அது. வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முதலில் ஸலாம். பிறகு, "நான்தான் மூட விடேல்ல மச்சான். அதிகாரி கேட்டபோது மழையெண்டு பொய் சொன்னதும் நான்தான்." இவ்வளவுதான். பாடமாக்கிவிட்டேன்.

கிடுகு வேலிக்கு உள்ளே, மரத்தடியில், மச்சான் எனக்கு முதுகு காட்டி இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தோளெலும்பு தெரிந்தது. நான் வேலி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்வோம், அந்த முடிச்சைப் போட்டு முடிக்கட்டும் சொல்வோம் என்று நின்றேன். அவர் வலையின் அடுத்த பக்கத்தை இழுக்கத் திரும்பினார். கண்டுவிட்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க."

பதில் ஸலாம் சொன்னேன். அதிலும் தோற்றுவிட்டேன்.

ஆமினா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. போகிற போக்கில், "சொல்லுவார், சொல்லுவாரெண்டுதான் அண்டைக்கு இந்த மனுசன் வரம்பில நிண்டாராம்," என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சான் அன்றைக்குக் குத்தலாகச் சொல்லவில்லை. என்னை உண்மையாகவே நம்பித்தான் அந்தப் பெண்ணைத் தடுத்திருக்கிறார். நான் சொல்வேன் என்று அந்த உப்பளத்தில் நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

"மச்சான், அண்டைக்கு..." என்று தொடங்கினேன்.

அவர் கையை உயர்த்தினார். "விடுங்க மச்சான். மழதானே."

நான் அதிகாரியிடம் சொன்ன சொல்லை அவர் கேள்விப்பட்டிருந்தாரா, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அவராகச் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. எது என்றாலும், அந்த இடத்தில் நான், "இல்லை மச்சான், மழை இல்லை, நான்தான்," என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் வந்தது அதற்குத்தான்.

"ஓம் மச்சான்," என்றேன். "மழைதான்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போக்குவரவு இருந்தது, பெருநாளுக்குப் பெருநாள் ஸலாம் இருந்தது. ஒவ்வொரு தரமும் அவர்தான் முந்தினார். மூன்று வருடத்துக்கு முன் அவர் மவுத்தாகிவிட்டார். நான் சொல்லவே இல்லை.

உங்களுக்கு நான் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். விதியை மதியுங்கள். ஆனால் கிடுகு பக்கத்தில் கிடக்கிறது, வானம் கறுக்கிறது, உங்கள் கை மட்டும் எழும்பவில்லை என்றால், உங்களைத் தடுப்பது விதிதானா என்று ஒரு தரம் நெஞ்சைத் தொட்டுக் கேளுங்கள். எனக்கு அன்றைக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது நான் கண்டக்குழிக்குப் போய் ஆமினாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். வாசலில் தயங்கி நின்றால் அவள் முந்திக்கொள்வாள். அதனால் வேலியடியிலிருந்தே சத்தமாக ஸலாம் சொல்லிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.

அந்தக் கோவையை வாசித்த தம்பியிடம் ஒரு வேலை. அதைத் திரும்ப எடுத்து, நீங்கள் கைதட்டிய வரிக்குக் கீழே இந்த மூன்று வரியையும் ஒட்டிவிடுங்கள். எழுதச் சொல்லி யாரும் எனக்குக் கட்டளை தரவில்லை. நல்ல பிரதியும் எடுக்க வேண்டாம், என் கையெழுத்து அப்படியே இருக்கட்டும்.

மழை வந்தது. நான் மூட விடவில்லை. பொறுப்பு என்னுடையது.